விருந்தோடு முடியாத பொறுப்பு

குடும்ப வன்முறையைத் தடுக்கும் பணிக்கு நிதி திரட்டுகிறோம் என்று அழைப்பு வந்தால் பினாங்கு மக்கள் பின்வாங்குவதில்லை. பத்துப் பேர் அமரும் விருந்து மேசையை முழுதாக எடுத்துக்கொள்ளும் வணிகர்கள் உண்டு. கூப்பன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்க விற்றுத் தரும் பெண்கள் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் கொடுக்கிறார்கள். கொடுத்த வெள்ளி என்ன செய்கிறது என்பதையும் நாம் அறிந்துகொண்டால், அந்த ஒரு மாலையோடு நிறுத்திக்கொள்ள மனம் வராது.

இந்த மாநிலத்தில் இப்பணிக்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. டபிள்யூசிசி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பெண்கள் அமைப்பு 1985-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அது இலவசமாக ஆலோசனை தருகிறது, சட்ட வழி காட்டுகிறது, நீதிமன்றத்துக்குத் துணையாக வருகிறது. தலைநகர்ப் பகுதியில் 1982-இல் பெண்களுக்கான அடைக்கல இல்லத்தைத் திறந்த டபிள்யூஏஓ அமைப்புக்கு விதையாக அமைந்ததும் ஒரு நன்கொடைதான். முன்னாள் நிதியமைச்சர் துன் டான் சியூ சின் தமக்குக் கிடைத்த விருதுப் பணத்தை அதற்கு அளித்தார். பொதுமக்கள் கொடுத்த பணமும் தொண்டர்கள் கொடுத்த நேரமும்தான் இத்தகைய அமைப்புகளைத் தாங்கி வந்திருக்கின்றன.

சட்டம் கிடைத்ததும் இந்த அமைப்புகள் விடாமல் கேட்டதால்தான். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டம் வந்தது 2005-இல். நம் சட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது: கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாமல் வாழும் பெண்ணுக்கும் அதன் பாதுகாப்பு உண்டு. “பதிவுத் திருமணம் இல்லையே, யார் கேட்பார்கள்?” என்று எவரும் அவளை மிரட்ட முடியாது. 2012 திருத்தம் மனத்தை வதைக்கும் கொடுமையையும் வன்முறை என்று ஏற்றது. 2017 திருத்தத்தால் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. போலீஸ் புகார் இல்லாமலே சமூக நல இலாகா அதிகாரி அதை வழங்கலாம். ஏழு நாள் செல்லும்.

ஆனால் அந்த ஏழு நாளைத் தனியாகக் கடப்பது எளிதல்ல. இரவில் இரண்டு பிள்ளைகளோடு வெளியேறும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கையில் மைகார்டு இருக்கும்; பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சீருடையும் வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், இத்தகையவர்களுக்கென்றே உள்ள ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில் அவளைத் தனி அறையில் அமர்த்தி மருத்துவர் காயங்களைப் பார்த்து எழுதுவார். போலீஸிடமும் நல இலாகாவிடமும் பேச அங்கேயே வழி செய்வார்கள். மறுநாள் காலையில் அவளுக்கு வண்டிச் செலவு வேண்டும், தங்க இடம் வேண்டும், சின்னவனுக்குப் பால்மாவு வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவில் கணவர் வீட்டார் முறைத்துக்கொண்டு நிற்கையில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நாம் வாங்கும் கூப்பன் இவையாகத்தான் மாறுகிறது. ஆலோசகரின் சம்பளமும் அலுவலக வாடகையும் மாதந்தோறும் வருபவை. விருந்தோ ஆண்டில் ஒரு நாள்.

தேவை எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 2021-இல் நாடு முழுவதும் போலீஸில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்கள் 7,468. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆய்வு மையம் தீபகற்ப மலேசியாவில் நடத்திய ஆய்வு, மணவாழ்வு கண்ட பெண்களில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர் இக்கொடுமைக்கு ஆளானவர்கள் என்றது. அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் வாய்திறந்து சொன்னவர்கள் மட்டுமே.

மற்றவர்கள் ஏன் சொல்வதில்லை? நம் வீடுகளில் கேட்கும் பேச்சு அதற்குப் பதில் சொல்லும். “பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோம்மா.” “குடிச்சா அப்படித்தான், காலையில சரியாயிடும்.” சொல்பவர்கள் பெரும்பாலும் அவள் மேல் பாசம் உள்ளவர்கள்தான், குடும்பம் சிதறக் கூடாது என்ற கவலையில் சொல்கிறார்கள். ஆனால் அடிபட்டுத் தாய்வீடு வந்த மகளைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பும்போது, அடுத்த அடிக்கும் நாம் இடம் கொடுத்துவிடுகிறோம். பஞ்சாயத்துப் பேசுமுன் அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று உறுதி செய்வதே பெரியவர்களின் முதல் கடமை.

சேர்ந்து சுமப்பது நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். ஒருவர் அரிசி தருவார், ஒருவர் மோர் தருவார், வேலை முடிந்து வந்த இளைஞர்கள் விடிய விடியப் பரிமாறுவார்கள். தாகத்தோடு வருபவரிடம் நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. அதே ஒழுங்கும் அதே பரிவும் இந்தப் பணிக்கும் வேண்டும்.

ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொள்ளலாம். விருந்துக்கு ஒருமுறை கொடுப்பவர் மாதம் இருபது வெள்ளியை வங்கி வழியே நிரந்தரமாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம். கோயில் நிர்வாகங்கள் 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண்ணைப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டலாம். அங்கே பாதிக்கப்பட்ட பெண் யார் கண்ணிலும் படாமல் அதைக் குறித்துக்கொள்வாள். திருமணத்துக்கு நாள் குறிக்க வரும் இணையரிடம் பதிவைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்கி, தந்தையரையும் அழைக்க வேண்டும். கையை ஓங்கும் நண்பனிடம் “இது தப்பு” என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆண்கள் முன்வர வேண்டும். பெண்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தை அவர்களால் நிரப்ப முடியாது. நல இலாகாவுக்கும் அடைக்கல இல்லங்களுக்கும் போதுமான ஆட்களைத் தருவது அரசின் பொறுப்பு. மக்கள் நன்கொடையைக் காரணம் காட்டி அரசு அதிலிருந்து விலகலாகாது.

அடுத்த நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நாம் அவசியம் போவோம், மேசையை நிரப்புவோம். வீடு திரும்பிய பின், பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டாமல் 999-ஐ அழைப்போம். கொடுத்த பணத்துக்கும் நடந்துகொள்ளும் விதத்துக்கும் இடைவெளி இல்லாத சமூகத்தில்தான் ஒரு பெண் நம்பிக்கையோடு உதவி கேட்பாள்.