கண்டவர் பெயர் எங்கே?



1831-இல் சுலோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் விளக்கேற்றும் தொழிலாளி லூகா செச், கண்ணில்லாத ஒரு வண்டைக் கண்டெடுத்தார். அறிவியல் பதிவேறிய முதல் குகை வண்டு அது. 1832-இல் அதை வகைப்படுத்திய ஷ்மிட் வைத்த பெயர் லெப்டோடைரஸ் ஹோகென்வார்ட்டி. ஹோகென்வார்ட் யார்? வண்டை ஷ்மிட்டிடம் சேர்ப்பித்த பிரபு!

"அறிவியல் விதி அப்படி" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பெயரைத் தேர்வது வகைப்படுத்துபவரின் விருப்பம்தான். கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லா மீன் ஒன்றுக்கு 2023-இல் ஹோராகிளானிஸ் பாப்புலி என்று பெயரிட்டார்கள். கிணற்றில் கண்டதைத் தகவல் சொல்லி உதவிய பொதுமக்களுக்கு அந்த மரியாதை.

சிப்காட் கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகளே, யோசனை தொழிலாளியுடையது, பாராட்டு மேலாளருக்கு என்பது உங்களுக்குப் புதிதல்ல. உங்களிலும் மேலாளர்கள் உண்டு. அறிக்கையில் முதலில் கண்டவர் பெயரை எழுதுங்கள்.