முத்திரை சொல்வதும் மைக்ரோமீட்டர் சொல்வதும்

கௌபாய் படம் பார்க்காதவர் நம்மில் யார்? குதிரைமேல் இருந்தபடியே பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து 'சடக் சடக்' என்று சுடுவார்களே, அந்த லீவர் துப்பாக்கிகளில் பேர்போனது அமெரிக்காவின் வின்செஸ்டர் 1873 மாடல். 7 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1950-ல் அதன் பெயரிலேயே ஒரு படமும் வந்தது. ஆனால் நான் பேச வந்தது ஹீரோவைப் பற்றி அல்ல, குழலில் குத்தியிருக்கும் எண்ணைப் பற்றி. அது அளவே அல்ல, வெறும் பெயர் என்பது என் கட்சி.

'38 டபிள்யூ.சி.எஃப்.' என்று ஒரு முத்திரை. வின்செஸ்டர் சென்டர் ஃபயர் என்பதன் சுருக்கம். இதே தோட்டாவை மற்ற கம்பெனிகள் 38-40 என்றன. போட்டிக்காரன் பெயரைத் தன் சரக்கில் குத்த யாருக்கு மனசு வரும்! 38 என்றால் 0.38 அங்குலம், 40 என்றால் 40 கிரெயின் கரிமருந்து, அதாவது சுமார் 2.6 கிராம். சரி, குண்டை அளந்து பார்த்தால்? ஏறக்குறைய 0.401 அங்குலம்! அதன் அண்ணன் 44-40-ன் குண்டோ 0.427-தான். 38-55 என்று இன்னொன்று இருக்கு, அது 0.38-ஐ ஒட்டியே வரும். ஆக இரண்டுமே '38', ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. அரை இன்ச் என்றால் 12.7 ஆச்சே என்று யாரும் கேட்பதில்லை. பைப் தப்பினால் தண்ணீர் ஒழுகும். துப்பாக்கி தப்பினால் கண்ணோ கையோ போகும்.

ஆரம்ப கால 1873-களில் எண்ணே இருக்காது. 1879-ல் 38 வரும்வரை 44 ஒன்றுதான், எதற்குக் குத்தணும்? பிறகு குழலில் ஒரு எண், தோட்டாவைத் தூக்கிவிடும் பித்தளைக் கட்டையின் அடியில் ஒரு எண். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யாரோ குழலையோ கட்டையையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். துளையைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால் அதுகூடத் தெரியாது. பழைய எண் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கும்.

"பழம்பொருளைத் தொடாதே, முத்திரை போதும்" என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அளப்பதால் அது தேயாது. துப்பாக்கி காலி என்று முதலில் உறுதி செய்து, எண்ணெய் தடவிய குழலில் துளையைவிடச் சற்றே பெரிய மெத்தென்ற ஈயக் குண்டைப் பித்தளைக் கம்பியால் தட்டி வெளியே தள்ளணும். குழல் வரிகள் அதில் பதிந்திருக்கும். வரிகள் இரட்டைப்படை என்றால் நம்ம லேப் மைக்ரோமீட்டரே போதும். ஒற்றைப்படை என்றால் எதிரெதிரே மேடு கிடைக்காது, வி வடிவத் தாங்கி உள்ளது வேணும். (வைவாவில் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?)

துளை தெரிந்தால் மட்டும் போதாது, தோட்டா உட்காரும் அறையும் தெரியணும். அதற்கென்றே 88 டிகிரி சென்டிகிரேடுக்குள் உருகிவிடும் ஒரு பிஸ்மத் கலவை இருக்கு. ஊற்றி, இறுகியதும் எடுத்து, ஊற்றியதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் சரியான அளவு. அவசரப்பட்டால் சுருங்கிய அளவு, மறந்து மறுநாள் அளந்தால் பெருத்த அளவு.

இவ்வளவும் எந்தத் தோட்டா என்று தெரிந்துகொள்ள மட்டுமே. கரிமருந்துக் காலத்து இரும்பு இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு எந்த முத்திரையிலும் பதில் இல்லை.