அறத்தின்பொருட்டு ஓடுதல் தகுமோ?

நோயாளர்க்குப் பொருள் திரட்டுதற்கு மாரத்தான் என்னும் நெடிய ஓட்டம் நடத்துதல் இக்காலத்து எங்கும் வழக்கமாய்விட்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் சென்னையில் நிகழ்ந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்குப் பெயர் பதிந்தோர் 70,000-க்கும் மேற்பட்டவர். அவர்கள் செலுத்திய கட்டணமாகிய 3 கோடிக்கு மேற்பட்ட ரூபாய், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளரின் உறவினர் தங்குதற்குரிய கட்டடத்தின்பொருட்டு அளிக்கப்பட்டது.

இவ்வழக்கத்தைக் குறைகூறுவாரும் உளர். “ஈய விழைவோன் இருந்த இடத்திலிருந்தே ஈயலாமே, அவன் வியர்த்து ஓடுவதால் நோயாளிக்கு என்ன பயன்? மேலும், தருமத்தை மறைவிற் செய்யுமாறு பணித்த நம் ஆண்டவர் கட்டளைக்கு இது முரணன்றோ?” என்பர்.

இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கனடா நாட்டு இளைஞர் டெரி பாக்ஸ் என்பாரை நினைமின். எலும்புப் புற்றுநோயால் 1977இல் தம் 18ஆம் வயதில் வலக்காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 முதல் பொய்க்காலுடன் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலிற் பரவவே ஓட்டம் நின்றது. மறு ஆண்டு ஜூனில் உயிரும் நீத்தார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டுமென்பது அவர் வேண்டுகோள். அவர் கண்மூடுமுன்னரே 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. அவர் உலகிற்குக் காட்டியது தம் ஈகையையன்று, பிறர் துயரையே. ஈவோன் தன்னை மறைத்துக்கொள்ளல் வேண்டும். துன்புறுவோனது தேவையை மறைத்தல் வேண்டுமென்று எவரும் கட்டளையிட்டிலர்.

நிற்க. அத்தகைய தேவை நம் நாட்டில் எவ்வாறிருந்ததென்பதற்குத் தருமபுரி மாவட்டமே சான்று. மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் பழங்குடி மக்கள், மிக அணித்தாயிருந்த மருத்துவமனையை அடைய ஏறத்தாழ 48 கிலோமீட்டர் செல்லவேண்டிய காலம் ஒன்றிருந்தது. அன்று பிறந்த குழந்தைகளுள் 1,000-க்கு 147 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்குக் குடியேறி, ஊரார் அமைத்துக் கொடுத்த குடிசையில் வைத்தியம் தொடங்கினர். அவ்வூர்ப் பெண்டிரையே நலப்பணியாளராகப் பயிற்றினர். அப்பெண்டிர் ஊர்தோறும் சென்று கருவுற்றாரையும் கைக்குழந்தைகளையும் பேணினர். 147 என்னும் அவ்வெண் பின்னர் 20 அளவிற்குக் குறைந்தது.

இது ஒருநாள் ஓட்டத்தால் விளைந்ததன்று. பல்லாண்டு நடையால் விளைந்தது. ஆதலின் ஓடித் திரட்டும் பொருள் இத்தகைய நடைக்கு உதவுதல் வேண்டுமென்பதே என் கருத்து. சட்டைக்கும் பதக்கத்திற்கும் பந்தலுக்கும் பெரும்பகுதி கரைந்து, மிச்சம் மட்டும் மருந்துக்குச் சேருமாயின் அவ்வோட்டம் வெறும் கேளிக்கையே. அழியும் முடிக்காக ஓடுவோரைப் பவுலடியார் உவமையாக எடுத்தாண்டதை நாம் ஆலயத்திற் கேளாதவரல்லோம்.

ஆகவே, நண்பர்காள், நம் கல்லூரியும் ஓர் ஓட்டம் நடத்துக. அதில் சட்டையும் பதக்கமும் வேண்டா. ஓடுவோர் ஒவ்வொருவரும், தம் பொருள் எவ்வூர் மருத்துவமனைக்குச் செல்கின்றதென முன்னரே அறிந்திருக்க. வரவுசெலவுக் கணக்கு இவ்விதழிலேயே வெளிவருக. ஓராண்டு ஒன்றற்கும் மறு ஆண்டு மற்றொன்றற்கும் கொடாது, ஒரே மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் கொடுப்போமாக. மலையூர்ப் பணிப்பெண்ணின் ஊதியம் திங்கள்தோறும் கொடுக்கவேண்டியதன்றோ?