பதினொன்று பெரிதா, மூன்று பெரிதா?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் நாலு பசங்க. வாசலில் நாலு பைக். ஹெல்மெட்? ஓ, இருந்ததே... பெட்ரோல் டாங்க் மேல!

சண்டை பலமாக நடந்துகொண்டிருந்தது. அரசியல் இல்லை, சினிமா இல்லை. மோட்டோ ஜி.பி!

"அண்ணே, நீங்களே ஞாயம் சொல்லுங்க. 2024-ல பன்யாயா பதினோரு ரேஸ் ஜெயிச்சான். மார்ட்டின் ஜெயிச்சது மூணே மூணு. ஆனா, உலக சாம்பியன் பட்டம் மார்ட்டினுக்கு. இது என்ன கணக்குண்ணே?"

கணக்கா? தம்பி, நான் பி.காம். படிச்சவன். வசமா மாட்டினீங்க!

ரேஸ் பக்கமே போகாத வாசகர்களுக்காக ஒரு நிமிஷம். இத்தாலிக்காரர் பன்யாயாவும் ஸ்பெயின்காரர் மார்ட்டினும் வேற்றுக் கிரகவாசிகள் அல்ல. 2015, 2016-ல் சின்ன வண்டிகளுக்கான மோட்டோ-3 பிரிவில் ரெண்டு பேரும் ஒரே டீமில் ஓட்டியது நம்ம ஊர் மஹிந்திரா வண்டி. 2024-ல் பெரிய வண்டியிலும் இருவருமே ஓட்டியது டுகாட்டி. ஆக, வண்டியைக் காரணம் சொல்ல முடியாது. ஓட்டுகிறவனைத்தான் பார்க்க வேண்டும்.

2023-லிருந்து ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு ரேஸ். சனிக்கிழமை குட்டி ரேஸ், ஜெயித்தால் 12 பாயின்ட். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரேஸ், முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16. பசங்க சொன்ன பதினொன்றும் மூன்றும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. 2024-ல் மொத்தம் 20 ஊர். வருஷக் கடைசியில் மார்ட்டின் 508, பன்யாயா 498. வித்தியாசம் வெறும் 10.

இப்போது பேரேட்டைப் புரட்டுவோம். மே மாதம் பார்சிலோனா. சனிக்கிழமை ரேஸில் பன்யாயாதான் முதலில் போகிறார். கடைசி சுற்று. யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. தானாகவே விழுந்தார். போனது 12 பாயின்ட். பட்டம் போனது 10 பாயின்ட்டில்! அந்த ஒரு சுற்றை உருட்டிக்கொண்டு போயிருந்தால்கூட கதை வேறு. இதுபோல் அந்த வருஷம் அவர் கோட்டைவிட்ட நாட்கள் இன்னும் சில உண்டு.

மார்ட்டின் விழவில்லையா? விழுந்தார். ஜெர்மனியில் முதலில் போய்க்கொண்டிருந்தவர், கடைசிக்கு முந்தைய சுற்றில் மண்ணைக் கவ்வினார். ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து முறை இரண்டாம் இடம் வந்தார். யாரும் கை தட்டாத, யாரும் ஸ்டேட்டஸ் வைக்காத இரண்டாம் இடம். பத்து இருபது இருநூறு! தீபாவளி வியாபாரத்தைக் காட்டி பீற்றிக்கொள்கிற கடையா, தினமும் கல்லா நிரம்புகிற கடையா? எந்தக் கடைக்கு நீங்கள் கடன் கொடுப்பீர்கள்?

ஒரு பையன் விடவில்லை. விராலிமலைக்காரன். "ஜல்லிக்கட்டுல எத்தனை மாடு புடிச்சான்னு எண்ணித்தானேண்ணே பரிசு குடுக்குறாங்க?" என்று மடக்கினான். வாடிவாசலுக்குப் பேர்போன மாவட்டமாச்சே, கேள்வி அப்படித்தான் வரும்! எண்ணித்தான் கொடுக்கிறார்கள் தம்பி. ஆனால், முதல் சுற்றிலேயே குத்துப்பட்டு ஆம்புலன்ஸில் ஏறியவன் மிச்ச மாட்டை எதைக்கொண்டு பிடிப்பான்? எண்ணிக்கையில் இருக்க வேண்டுமென்றால், முதலில் களத்தில் இருக்க வேண்டும். 'ஃபார்ம்' என்பது அவ்வளவுதான். வேகம் அல்ல, விழாமல் முடிப்பது.

சந்தேகமிருந்தால் மார்க் மார்க்கெஸைப் பாருங்கள். 2019 வரை அசைக்க முடியாத ஆள். 2020 ஜூலை, ஸ்பெயினின் ஹெரெஸ் மைதானம். விழுந்து வலது கை எலும்பு முறிந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், கையில் பிளேட். சனிக்கிழமையே வண்டியில் ஏறினார். உலகமே 'அடேயப்பா, என்ன வீரன்!' என்றது. ரெண்டு வாரத்துக்குள் பிளேட் போய், இன்னொரு ஆபரேஷன். மொத்தம் நாலு. அடுத்த பட்டத்துக்கு அவர் 2025 வரை காத்திருந்தார். அவசரப்பட்டது நாலு நாள். கட்டிய வட்டி ஐந்து வருஷம்!

சரி, இனி உங்களோடு சண்டை.

சாயங்காலமானால் திருச்சி ரோட்டில் கீரனூர் வரை பறக்கிறீர்களே, அங்கே யார் பாயின்ட் போடுகிறார்கள்? பின்னால் உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்கிற நண்பனா? மோட்டோ ஜி.பி-யில் உடுப்புக்குள்ளேயே காற்றுப்பை கட்டாயம். விழுந்தால் உருள சரளைப் படுகை. ஓடிவர ஆட்கள். நம்ம ரோட்டில் என்ன இருக்கிறது? டிப்பர் லாரி கொட்டிய ஜல்லி, குறுக்கே வரும் ஆடு, அசையாமல் நிற்கும் புளியமரம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன். போலீஸ் செலக்‌ஷனுக்காக விடிகாலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். ஒரு சாயங்காலம் நண்பர்களோடு பந்தயம். 'ஜெயிச்சுட்டேன்'னு திரும்பிப் பார்த்த நொடியில் விழுந்தான். காலில் பிளேட். செலக்‌ஷன் தேதி வந்தது, போனது. ஒரு ரேஸ் ஜெயித்தான், சீஸனே போச்சு!

பிளஸ் டூ பாஸ் பண்ணினதும் பையனுக்கு இருநூறு சி.சி. வாங்கிக் கொடுத்து, 'என் மகன் திருச்சிக்கு அரை மணியில போயிடுவான்' என்று மார் தட்டும் அப்பாக்களே... உங்களையும்தான் சொல்கிறேன். அது பெருமை அல்ல, மோசடிக் கணக்கு. வரவு மட்டும் எழுதி, செலவை மறைப்பதற்கு எங்கள் படிப்பில் அதுதான் பெயர்.

நிஜமாகவே ரேஸ் வெறியா? தாராளமாகப் போங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சி எடுங்கள், முறையாக லைசென்ஸ் வாங்கி ஓட்டுங்கள். தூரம்தான், செலவுதான். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் ரேஸ் நடத்த முடிந்த அரசாங்கம், மாவட்டத்துக்குப் பத்துப் பையன்களைப் பொறுக்கியெடுத்து டிராக்குக்கு அனுப்பி வைத்தால் குறைந்தா போய்விடும்?

டீக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நாலு வண்டியும் உறுமிக்கொண்டு கிளம்பின. மூன்று ஹெல்மெட் அதே டாங்க் மேல். ஒன்று மட்டும் தலைக்கு ஏறியிருந்தது, விராலிமலைக்காரனுக்கு.

நாலில் ஒன்று. வரவு வைத்துக்கொண்டேன்.