பிள்ளை பெயரில் ஒரு கணக்கு

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஞானஸ்நானம் என்றால், ஞானத்தாயும் ஞானத்தந்தையும் குழந்தைக்கு மோதிரமோ காப்போ போடுவது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, ஒரு கிராம் சுத்தத் தங்கமே 500 ரிங்கிட்டுக்கு மேல் போனது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு கிராம் மோதிரத்துக்கு ஒரு வார உழைப்புக்கு மேலேயே போய்விடுகிறது. அந்த மோதிரமோ அடுத்த வருடம் குழந்தையின் விரலில் நுழையாது.

கோயில் கேட்பது இதை அல்ல. கத்தோலிக்கச் சடங்கில் குழந்தைக்குக் கிடைப்பவை வெள்ளை உடையும், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியும்தான். ஞானப்பெற்றோருக்குத் திருச்சபைச் சட்டம் தருவது பிள்ளையைக் கிறிஸ்தவ வாழ்வில் நடத்திச் செல்லும் பொறுப்பு. அதற்காகவே அவர்களுக்கு 16 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பு ஒரு ஞாயிறோடு முடிவதில்லை. அன்பளிப்பும் அப்படி நீளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். மலேசியாவில் அதற்கு வழி இருக்கிறது: தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பு. 20 ரிங்கிட்டில் தொடங்கலாம். பெற்றோர் பிள்ளைக்காகக் கணக்கைத் திறந்தால், ஞானப்பெற்றோர் மாதம் 20 ரிங்கிட் கொடுத்து வரலாம். பதினேழு வருடத்தில் முதல் மட்டுமே 4,080 ரிங்கிட் சேரும், லாபப்பங்கு தனி.

தங்கம் இதைவிட வேகமாக ஏறியிருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 2020 ஆகஸ்டில்தான் அவுன்ஸ் முதன்முறையாக 2,000 டாலரைத் தொட்டது. ஐந்தே வருடத்தில் இரட்டிப்பு. ஆனால் அந்த லாபம் பெட்டியில் கிடக்கும் தங்கத்துக்கு. குழந்தை நகையில் கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடும். மிஞ்சியது வீட்டில் காசு முடையானால் அடகுக் கடைக்குப் போகும், சில நேரம் திரும்பாது. அது தவறென்று சொல்லவில்லை. கைச்செலவுக்கு உதவுவது அம்மாவுக்குத் தேவைதான். அப்படியானால் அதை அம்மாவுக்கென்றே கொடுக்கலாம், பிள்ளையின் பெயரைச் சொல்லி அல்ல.

கல்விச் சேமிப்பை நான் வற்புறுத்த இன்னொரு காரணம் மலையிலேயே இருக்கிறது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு இறங்கியது படிப்பைப் பிடித்துத்தான். அதோடு, பிள்ளைக்குக் கணக்கு என்றதும் மைகிட் எனும் குழந்தை அடையாள அட்டையைக் கேட்பார்கள், மைகிட்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள்தான் அவகாசம். பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலையும் இந்தியக் குடும்பங்களை நாடு நன்றாக அறியும். கணக்கு திறக்கும் பேச்சே அந்தக் குறையை நேரத்தில் வெளியே கொண்டுவரும். மோதிரத்துக்கு எந்த நகைக்கடையும் பத்திரம் கேட்பதில்லை.

வெறும் கையோடு போனால் உறவினர் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம்தான் மிச்சம். வெள்ளை உடையை ஞானத்தாய் வாங்கட்டும், மெழுகுவர்த்தியை ஞானத்தந்தை வாங்கட்டும். சபை முன் கொடுக்க அது போதும். அடுத்த அழைப்பிதழ் வந்தால், நகைக்கடைக்குப் போகுமுன் பெற்றோரிடம் எஸ்எஸ்பிஎன் கணக்கு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.