வட்டமடித்த திருச்சி விமானம் எரிபொருளைக் கொட்டியிருக்கக் கூடாதா? 4 என்ஜின் விமானங்களில் டேங்க் எப்படி வேலை செய்கிறது?

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணிக்கு திருச்சியில் இருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலே ஏறிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்டோர். கீழே ஓடுபாதை ஓரத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வாகனங்களும் வரிசை கட்டி நின்றன. விமானமோ இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இரவு 8.15 மணிவாக்கில் பத்திரமாகத் தரையைத் தொட்டபோதுதான் தமிழ்நாட்டுக்கு மூச்சு வந்தது.

அரும்பாவூர், வேப்பந்தட்டை பக்கம் இருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் திருச்சிதான் விமான நிலையம். அன்று அந்தப் பக்க வீடுகளிலும் டிவி முன்னால் எழுந்த கேள்வி ஒன்றுதான். கோளாறு என்று தெரிந்துவிட்டது, பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது, அப்புறம் ஏன் இரண்டரை மணி நேரம் சுற்ற வேண்டும்? "பெட்ரோலைக் கீழே கொட்டிவிட்டு இறங்க வேண்டியதுதானே?"

அந்த விமானத்தால் கொட்ட முடியாது. அதில் அந்த வசதியே கிடையாது. பெரிய 4 என்ஜின் விமானங்களில் உண்டு.

எடைதான் பிரச்னை

முதலில் ஒரு திருத்தம். ஜெட் விமானத்தில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை. ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தக்காரன். ஏடிஎஃப் என்று சொல்வார்கள். ஒரு லிட்டர் ஏறக்குறைய 800 கிராம் எடை.

திருச்சியில் கிளம்பியது போயிங் 737 ரகம், 2 என்ஜின். அதிகபட்சம் சுமார் 79 டன் எடையோடு மேலே ஏறலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்தான் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் சக்கரங்களுக்கும் பிரேக்குக்கும் பாரம் அதிகம், இறங்கும் வேகமும் அதிகம், நிற்பதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். பிரேக் உள்ளிட்ட பல வேலைகளைப் பார்க்கும் ஹைட்ராலிக்கிலேயே கோளாறு என்னும்போது, முடிந்த அளவு எடை குறைந்து, மெதுவாக வந்து இறங்குவதுதான் புத்திசாலித்தனம். ஓடுபாதையின் நீளத்தையும் கணக்கில் எடுத்தே சுற்றியதாக விமான நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. கொட்ட வழியில்லாததால், என்ஜினில் எரித்துத்தான் தீர்க்க முடியும்.

737-ல் இந்த 13 டன் வித்தியாசத்தை எரித்தே சமாளித்துவிடலாம் என்பதால்தான் கொட்டும் கருவியே வைக்கவில்லை. ஏர்பஸ் ஏ380 கதை வேறு. சுமார் 570 டன்னில் மேலே ஏறும், சுமார் 390 டன்னில்தான் இறங்க வேண்டும். இடையில் 180 டன்! அதை எரித்துத் தீர்க்க வேண்டுமென்றால் ஒரு பகலோ ஒரு இரவோ வானத்திலேயே கழிந்துவிடும்.

10 சிமெண்ட் லாரி பாரம்... எங்கே வைக்கிறார்கள்?

ஏ380-ன் டேங்குகளை முழுதாக நிரப்பினால் சுமார் 3.2 லட்சம் லிட்டர் பிடிக்கும். எடையில் 250 டன்னைத் தாண்டும். அரியலூர் சாலையில் சிமெண்ட் ஏற்றிப் போகிற லாரி ஒன்றுக்கு 25 டன் என்று வைத்தால், 10 லாரி.

இத்தனையும் ஒரே டேங்கில் இல்லை. இறக்கைக்கு 5 வீதம் 10, வாலில் இருக்கும் குட்டி இறக்கைக்குள் 1, ஆக 11 டேங்குகள். 4 என்ஜினுக்கும் தனித்தனியாக ஒரு 'ஃபீட் டேங்க்' உண்டு. மற்ற டேங்குகளில் இருப்பது முதலில் இந்த ஃபீட் டேங்குக்கு வந்து, அங்கிருந்துதான் என்ஜினுக்குப் போகும். வீட்டுக்கு வீடு மாடியில் சின்ன டேங்க், தெருமுனையில் பெரிய தொட்டி என்கிற அதே ஏற்பாடு.

இறக்கையில் ஏன் வைக்க வேண்டும்? இடம் இருக்கிறது என்பது பாதிக் காரணம்தான். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தூக்கும். நடுவில் இருக்கும் கனமான உடல் கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்து இறக்கையை அதன் அடியில் மடக்கப் பார்க்கும். இறக்கைக்குள்ளேயே பாரம் இருந்தால் அந்த மடக்கும் விசை குறையும். அதனால்தான் இறக்கை நுனிப் பக்கம் இருக்கும் எரிபொருளைக் கடைசி வரை தொடாமல் வைத்திருப்பார்கள். எரிபொருள் இங்கே இறக்கைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையும் பார்க்கிறது.

எது முதலில் காலியாகும்?

இதைப் புரிந்துகொள்ள பழைய ஜம்போ, போயிங் 747-400, நல்ல உதாரணம். இந்தியர்களுக்குப் பழக்கமான விமானம்தான். ஏர் இந்தியாவின் 747-களில் ஒன்று கடைசியாக மும்பையை விட்டுக் கிளம்பியது 2024 ஏப்ரலில். போகும்போது இறக்கையை ஆட்டி விடைபெற்ற அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அதில் இறக்கைகளில் 4 பெரிய டேங்குகள், நுனிப் பக்கம் 2 சின்ன டேங்குகள், வயிற்றுக்குள் ஒரு நடு டேங்க், வாலில் ஒன்று. நெடுந்தூரப் பயணத்தில் நடு டேங்க்தான் முதலில் காலியாகும். அது குறையக் குறைய வால் டேங்கில் இருப்பது நடுவுக்கு வரும். பிறகுதான் இறக்கையில் கை வைக்கும்.

இதை விமானி ஒவ்வொரு வால்வாகத் திருகிச் செய்வதில்லை. நடு டேங்க் பம்புகளின் அழுத்தம், இறக்கை டேங்குகளின் மெயின் பம்புகளைவிட அதிகம். எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினாலும் அழுத்தம் கூடியதுதான் குழாயைப் பிடித்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரையும் போர்வெல் மோட்டாரையும் ஒரே பைப்பில் இணைத்திருக்கும் விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடு டேங்க் வறண்டு அதன் அழுத்தம் விழுந்ததும், இறக்கைப் பம்ப் தானாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். ஒரு நொடி கூட என்ஜின் பட்டினி கிடக்காது.

ஒவ்வொரு மெயின் டேங்கிலும் 2 பம்ப். ஒன்று நின்றால் இன்னொன்று. இரண்டும் நின்றால், 'கிராஸ்ஃபீட்' என்கிற குறுக்குக் குழாய் வழியாகப் பக்கத்து டேங்கில் இருந்து வரும். அதுவும் இல்லையென்றாலும், உயரம் குறைவாக இருந்தால் என்ஜினே டேங்கில் இருந்து உறிஞ்சிக்கொள்ளும். டேக் ஆஃப் நேரத்தில் மட்டும் குறுக்கு வழிகளில் சில தானாக மூடிக்கொள்ளும். ஒரு டேங்கில் இருக்கும் கோளாறு 4 என்ஜினையும் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக.

குளிர், தண்ணீர், ஆவி

10 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கம். விமான எரிபொருள் மைனஸ் 47-ல் உறையத் தொடங்கும். நீண்ட பயணத்தில் டேங்க் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும் என்பதால் விமானிகள் அந்த வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். என்ஜினுக்குள் நுழையும் முன், சூடான என்ஜின் ஆயில் ஓடும் குழாய்களுக்குப் பக்கத்தில் எரிபொருளை ஓட விடுவார்கள். இதற்குச் சூடு, அதற்குக் குளிர்ச்சி. அப்படியும் 2008 ஜனவரி 17-ல் பெய்ஜிங்கில் இருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777 விமானத்தில், எரிபொருளில் கலந்திருந்த துளித் தண்ணீர் பனிக்கட்டியாகித் திரண்டு, லண்டனில் இறங்கப் போகும் நேரத்தில் வழியை அடைத்தது. விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. உயிரிழப்பு இல்லை என்பது அதிர்ஷ்டம்.

இன்னொரு ஆபத்து பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிரம்பிய டேங்கைவிட ஏறக்குறைய காலியான டேங்க்தான் பயங்கரம். திரவம் எளிதில் வெடிக்காது, காற்றோடு கலந்த ஆவி வெடிக்கும். 1996 ஜூலை 17-ல் நியூயார்க்கில் கிளம்பிய டிடபிள்யூஏ 800 என்கிற 747, இப்படி நடு டேங்க் வெடித்துத்தான் 230 பேரோடு கடலில் விழுந்தது. அதன் பிறகுதான் டேங்குக்குள் நைட்ரஜன் கலந்த காற்றைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைக்கும் முறை கட்டாயமாக்கப்பட்டது.

சரி, கொட்டுவது எப்படி?

பெரிய விமானங்களில் இறக்கையின் பின் ஓரத்தில் குழாய் முனைகள் இருக்கும். விமானி வால்வைத் திறந்ததும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 டன் வேகத்தில் எரிபொருள் பீய்ச்சி வெளியேறும். ஒதுக்கப்பட்ட இடத்தில், போதிய உயரத்தில் கொட்டினால், பனித்துளி போல உடைந்து பெரும்பகுதி தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும். உயரம் குறைந்தால்? 2020 ஜனவரி 14-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அவசரமாகத் திரும்பிய டெல்டா விமானம் தாழ்வாகப் பறந்தபடியே கொட்டியது. பள்ளி மைதானத்தில் இருந்த குழந்தைகள் மேல் அது விழுந்து, சுமார் 60 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. திருச்சி விமானத்தில் இந்த வசதி இருந்திருந்தாலும், ஊர்களுக்கு மேல் வைத்துத் திறந்துவிட்டிருக்க முடியாது.

கொட்டவும் முடியாமல் போனால்?

திருச்சிப் பயணிகளுக்கு நன்கு பழகிய சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில்தான் அது நடந்தது. 2010 நவம்பர் 4. சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380, 469 பேருடன். மேலே ஏறிய 4 நிமிடத்தில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல், 2-ம் எண் என்ஜினுக்குள் ஒரு டர்பைன் தட்டு உடைந்து சிதறியது. துண்டுகள் இடது இறக்கையைத் துளைத்தன. டேங்குகள் ஓட்டையாகி எரிபொருள் ஒழுகியது. உள் டேங்க் ஒன்றில் தீ பற்றித் தானாகவே அணைந்ததற்கான தடயம் பிறகு நடந்த விசாரணையில் கிடைத்தது.

வயர்கள் அறுந்ததால் டேங்குக்கு டேங்க் மாற்றும் வசதி போயிற்று, கொட்டும் வசதியும் போயிற்று. இடது பக்கம் ஒழுகிக்கொண்டே இருந்ததால் இறக்கைகளின் பாரமும் ஏறுமாறானது. காவடியில் ஒரு பக்கக் குடம் ஓட்டையான மாதிரி.

அப்போது கம்ப்யூட்டர் திரையில் வந்த யோசனைகளில் ஒன்று, நல்ல இறக்கையில் இருக்கும் எரிபொருளை ஒழுகும் இறக்கைக்கு மாற்றச் சொன்னது! பாரத்தைச் சமன் செய்வது என்ற ஒற்றைக் கணக்கில் அது சரிதான். ஓட்டைக் குடத்தில் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி குழு அதைச் செய்யவில்லை. எந்தக் கருவி சொன்னதை விட்டுவிடலாம் என்று அந்த நெருக்கடியில் தீர்மானித்ததுதான் அன்றைய பெரிய காரியம்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சரிபார்த்துவிட்டு, அனுமதித்த அளவைவிட 40 டன்னுக்கும் மேல் கூடுதல் எடையோடு இறங்கினார்கள். 4,000 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 150 மீட்டர் மிச்சம் இருக்கும்போது விமானம் நின்றது.

கதை அங்கேயும் முடியவில்லை. 1-ம் எண் என்ஜினை அணைக்க முடியவில்லை. அதன் எரிபொருள் வால்வுக்குப் போகும் வயர்களும் அறுந்திருந்தன. ஒரு பக்கம் கொதிக்கும் பிரேக்குகள், அதன் பக்கத்திலேயே ஒழுகும் எரிபொருள், ஓடிக்கொண்டே இருக்கும் என்ஜின். சறுக்குகளை விரித்துவிட்டுக் குதியுங்கள் என்று சொல்வது எளிது. அதைச் செய்யாமல், தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்துக்கொண்டிருக்க, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு வைத்து எல்லோரையும் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. என்ஜின் அணைய மணிக்கணக்கில் ஆனது.

அகமதாபாத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு

சாங்கியில் எரிபொருளை நிறுத்த முடியவில்லை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் அது நின்றுபோனது. லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171, 2 என்ஜின் கொண்ட போயிங் 787. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர் என 260 உயிர்கள் போயின.

4 என்ஜினோ 2 என்ஜினோ, காக்பிட்டில் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு எரிபொருள் சுவிட்ச் உண்டு. 'ரன்' என்றால் வால்வு திறந்திருக்கும். 'கட்ஆஃப்' என்றால் மூடிவிடும். தெரியாமல் கை பட்டு நகரக் கூடாது என்பதற்காக, தூக்கித்தான் மாற்ற வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஜூலை 12-ல் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையின்படி, மேலே எழும்பிய சில நொடிகளில் இரண்டு சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் கட்ஆஃப் நிலைக்குப் போயின. யார், எப்படி என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஏறக்குறைய 10 நொடிகளில் சுவிட்சுகள் மீண்டும் ரன் நிலைக்கு வந்தன. வால்வு திறந்தது, டேங்க் நிறைய எரிபொருளும் இருந்தது. ஒரு என்ஜின் மெல்ல உயிர் பெறவும் தொடங்கியது. அதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது.