எச்டிஆர் ஸ்டிக்கரும் கவரிங் நகையும்

மானிட்டரைப் பற்றி நான் எழுதுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பி.காம். முடித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாக வங்கியில் ஆணி பிடுங்குகிறவன் நான். பையன் விளையாடும் கேம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் கோபம் வந்துவிட்டது. அதில் பாதி விற்கிறவர்கள் மேல், மீதிப் பாதி என் மேலேயே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்களுக்கு மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு ஊர். பையன் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தது கோயம்புத்தூரில். அப்புறம் புவனேஸ்வர். இப்போது நாக்பூர், ப்ளஸ் ஒன். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரிலும் எனக்கு ஒரு சீட் மாறும், அவ்வளவுதான். அவனுக்கு மொத்த சிநேகிதக் கூட்டமும் போய்விடும். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவான். மதுரையில் இருக்கும் என் தங்கை மகன், புவனேஸ்வர் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன், இவன். மூன்று பேரும் சேர்ந்து ‘ஃபோர்சா ஹொரைசன் 5’ என்று ஒரு கார் ஓட்டுகிற கேம். "டேய் மாப்ள, லெஃப்ட்ல வாடா, லெஃப்ட்ல வாடா" என்று கத்துவது சமையல்கட்டு வரை கேட்கும். தங்கமணி ஒரு நாள் சொன்னார்: "வீட்டை விட்டா இவன் தமிழ் பேசறது அந்த ரெண்டு மணி நேரம்தாங்க. பேசட்டும் விடுங்க." நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு அவனுக்கு ஒரு மானிட்டர் ஆசை. எச்டிஆர் வேணும் என்றான். தாத்தா பாட்டி கொடுத்த பொங்கல் காசு, மாமா கையில் திணித்தது எல்லாம் சேர்த்து பதினோராயிரம் வைத்திருந்தான். மீதி பத்தாயிரம் நான் போட்டேன். கடையில் பெட்டியைக் காட்டினார்கள். ‘எச்டிஆர்10’ என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர். பக்கத்திலேயே ‘107 கோடி வண்ணங்கள்’. "சாப், இதுக்கு மேல எச்டிஆர் கிடையாது" என்று ஹிந்தியில் சத்தியம் செய்தார் கடைக்காரர். வாங்கி வந்தோம்.

வீட்டுக்கு வந்து எச்டிஆரை ஆன் செய்தால் படம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ராத்திரி ரோடு கறுப்பாக இல்லை, மழைக்காலத்து வானம் மாதிரி இருந்தது. ஆஃப் செய்தால் நன்றாக இருக்கிறது! "அப்பா, நம்மள ஏமாத்திட்டாங்கப்பா" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு எதுவுமே போதாதுடா. எங்க காலத்துல தெருவுக்கு ஒரு டிவி." இந்த டயலாக்கைச் சொல்லாத அப்பா யாராவது உண்டா :-) அவன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காக பெங்களூர் போனபோது அக்கா பையன் வீட்டில் தங்கினோம். அவனிடம் ஓஎல்இடி மானிட்டர் இருந்தது. அதே கேம், அதே ராத்திரி ரோடு. ஹெட்லைட் எதிரே வந்தபோது கண்ணைச் சுருக்கினேன். சுற்றிலும் கும்மிருட்டு. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். லோன் பேப்பர் படிக்கிற மாதிரி வரி வரியாக. அப்போதுதான் தெரிந்தது, பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று.

எச்டிஆர்10 என்பது 2015-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் டெக்னாலஜி அசோசியேஷன் அறிவித்த ஒரு ஃபார்மேட். படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் எப்படி எழுதி அனுப்புவது என்பதற்கான ஏற்பாடு. அதில் 10,000 நிட்ஸ் வெளிச்சம் வரை குறிப்பிட முடியும். (நிட்ஸ் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. பழைய சாதாரண வீடியோவுக்கு 100 நிட்ஸ்தான் கணக்கு.) பெட்டியில் ‘எச்டிஆர்10’ என்று போட்டிருந்தால் இந்த சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். வாங்கியதைக் காட்டுமா என்பதற்கு அந்த ஸ்டிக்கர் பொறுப்பில்லை.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். பத்து கோடிக்கு ஒரு செக்கை யார் வேண்டுமானாலும் எங்கள் கவுண்டரில் போடலாம். வாங்கி சீல் குத்தி கவுண்டர்ஃபாயில் கொடுப்போம். அக்கவுண்டில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறதென்றால் செக் பவுன்ஸ். அந்த கவுண்டர்ஃபாயிலைக் காட்டி "நான் கோடீஸ்வரன்" என்று ஒருவன் பெண் கேட்டு வந்தால் கொடுப்பீர்களா? எச்டிஆர்10 ஸ்டிக்கர் அந்த கவுண்டர்ஃபாயில்தான்.

அப்படியென்றால் சாம்பல் எங்கிருந்து வந்தது? நாங்கள் வாங்கியது சாதாரண ஐபிஎஸ் எல்சிடி. பின்னால் ஒரே விளக்கு, முன்னால் திரவப் படிகம் என்ற ஜன்னல் திரை. அந்தத் திரை வெளிச்சத்தை முழுசாக மறைக்காது. ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. எச்டிஆர் ஆன் ஆனதும் விளக்கு முழு வேகத்தில், 300 நிட்ஸில் எரிகிறது. 300-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.3 நிட்ஸ். அதுதான் எங்கள் வீட்டுக் ‘கறுப்பு’. இருட்டு அறையில் அது சாம்பலாகத்தான் தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதற்கான ‘ட்ரூ பிளாக்’ சான்றிதழில் கறுப்பு 0.0005 நிட்ஸுக்கு மேல் போகக் கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

"ஏன் சார், சான்றிதழ் பார்த்து வாங்க வேண்டியதுதானே?" என்பீர்கள். அங்கேயும் கதை இருக்கிறது. வெசா என்ற அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் என்று ஒரு சான்றிதழ் கொண்டுவந்தது. 400, 600, 1000 என்று படிகள். நல்ல காரியம். ஆனால் 400 படிக்கு விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி (லோக்கல் டிம்மிங்) தேவையில்லை. 2024-இல் விதிகளை இறுக்கினார்கள். 400-க்கும் 10 பிட், அகலமான வண்ணம் என்றெல்லாம் வந்தது. லோக்கல் டிம்மிங் அப்போதும் கட்டாயமில்லை. ஒற்றை விளக்கு மானிட்டர் 400 நிட்ஸ் எரிந்தாலும் அதே கணக்கில் கறுப்பு 0.4 நிட்ஸ். இன்னும் சாம்பல்!

வங்கியில் நகைக்கடன் பார்த்தவன் நான். 916 என்றால் 91.6 சதவீதம் தங்கம், பேச்சே இல்லை. 2021-இல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினார்கள். கவரிங் விற்கிறவர் ‘கவரிங்’ என்று போர்டு மாட்டித்தான் விற்கிறார், அவரிடம் எனக்குக் கோபமில்லை. கவரிங் நகையில் ‘தங்கம்’ என்று முத்திரை குத்தி, கேட்டால் "தங்க கலர் இருக்குல்ல சார்" என்பவரிடம்தான் கோபம்.

இன்னொரு வாதம் வரும். "கம்பெனி பொய் சொல்லவில்லையே, சிக்னலை வாங்குவது உண்மைதானே? வாங்குகிறவன்தான் படிக்க வேண்டும்." இந்த வாதத்தை எங்கள் தொழிலில் நன்றாகவே கேட்டிருக்கிறேன். ‘ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ’ என்று விற்றார்கள். ஜீரோ பர்சென்ட் வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன் கொடுத்தால் மொத்தச் செலவையும் ஒரே வருடாந்திர சதவீதமாக முக்கிய விவரத் தாளில் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். "கஸ்டமர்தான் படிக்கணும்" என்று நாங்கள் தப்பிக்க முடியாது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு எங்களைத் தாள் நீட்டச் சொல்கிற நாட்டில், அதே விலைக்கு மானிட்டர் விற்கிறவர் ஒரு நிட்ஸ் கணக்குக்கூடச் சொல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று எழுதியிருக்கிறார்கள். பொய் சொல்வது மட்டுமில்லை, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் சேரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம். சட்டம் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. ஏன்? "கேம் மானிட்டர்தானே, பசங்க சமாச்சாரம்" என்று நம்மைப் போன்ற அப்பாக்களே தள்ளிவிடுகிறோம். ஏமாற்றுகிறவனுக்கு நாம்தான் பெரிய பாதுகாப்பு.

என் கோரிக்கை சின்னது. ஃபிரிட்ஜில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒட்டுகிற மாதிரி, எச்டிஆர் என்று போடுகிற பெட்டியில் மூன்று எண் கட்டாயமாக வேண்டும்: உச்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ், கறுப்பு எத்தனை நிட்ஸ், எத்தனை பகுதியாக விளக்கு அணையும். மூன்றும் இல்லாவிட்டால் ‘எச்டிஆர் சிக்னலை ஏற்கும்’ என்று போடட்டும். ‘எச்டிஆர்’ என்று போடக் கூடாது.

அது வரும்வரை, வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றது:

1. ‘எச்டிஆர்10’, ‘எச்டிஆர் ரெடி’, ‘எச்டிஆர் சப்போர்ட்’ என்றிருந்தால் எச்டிஆர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதா எல்சிடியில் ‘400’-உம் அதே கணக்குதான்.

2. எல்சிடி என்றால் "எத்தனை டிம்மிங் ஜோன்?" என்று கேளுங்கள். எட்டு, பதினாறு என்றால் ஒரு ஹெட்லைட்டுக்கு ஒரு பட்டை முழுக்க வெளுக்கும். மினி எல்இடியில் 576, 1152 என்று வரும், அதுதான் பேச்சு.

3. ஓஎல்இடியில் ‘1000 நிட்ஸ்’ என்பது திரையில் இரண்டு மூன்று சதவீத இடத்துக்குத்தான். முழுத்திரையும் வெள்ளையானால் பல மாடல்களில் 250 பக்கம் இறங்கிவிடும். மதியம் வெயில் கொட்டுகிற ஹாலுக்கு மினி எல்இடி, ராத்திரி விளையாடுகிற அறைக்கு ஓஎல்இடி.

4. அதே மானிட்டரில் பகலெல்லாம் எக்செல் வேலை என்றால் ஓஎல்இடியில் அசையாத கோடுகள் நாளடைவில் தடம் பதிக்கும் (பர்ன்-இன்). வாரண்டியில் அது உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

5. விண்டோஸ் 11-இல் எச்டிஆர் கேலிப்ரேஷன் என்று மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆப் இருக்கிறது. நல்ல மானிட்டர் வாங்கியும் அதை ஓட்டாமல் விட்டால் பாதிக் காசு வீண்.

6. பட்ஜெட் இருபதாயிரம்தான் என்றால் எச்டிஆர் என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள். அதே காசுக்கு நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள விஏ பேனல் (மூவாயிரத்துக்கு ஒன்று கிடைக்கும்), நல்ல ஸ்டாண்ட் பார்த்து வாங்குங்கள். சாதாரணப் படத்தை ஒழுங்காகக் காட்டுகிற மானிட்டர், எச்டிஆரை அழவைக்கிற மானிட்டரை விட மேல்.

கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பெட்டி பிரித்து ஆறு மாசம் ஆயிற்றாம். அது என் தப்பு, முதல் நாளே பையன் சொன்னான். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இருபத்தோராயிரத்துக்கு ஏன் இந்த அலைச்சல் என்கிறார் தங்கமணி. அதில் பதினோராயிரம் ஒரு பையன் பல வருஷமாகச் சேர்த்த பொங்கல் காசு என்றேன். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதாண்டா சரி. அன்னிக்கு அப்பா யோசிக்காம பேசிட்டேன்" என்றேன். "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எச்டிஆரை ஆஃப் செய்துவிட்டுத்தான் இப்போதும் ஓட்டுகிறான். "டேய் மாப்ள..." சத்தம் சமையல்கட்டு வரை கேட்கிறது.

டிஸ்கி: அடுத்த மானிட்டருக்கு அவன் பெயரில் ஒரு ஆர்.டி. ஆரம்பித்தாகிவிட்டது. மாசம் ஆயிரம். ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ சத்தியமாக இல்லை :-)